நிற்போர் கண்ணும் நடப்போர் காலும்: உலா இலக்கியமும் நவராத்திரி எழுந்தருளலும்

முன்னுரை

ஊர்வலத்தையே தன் பெயராகவும் பொருளாகவும் கொண்டு தமிழில் வளர்ந்த இலக்கிய வகை உலா. இறைவனோ அரசனோ தலைவனாக வீதியில் வர, அவனைக் கண்ட எழுவகைப் பருவ மகளிர் காதலுற்று வருந்துவதாகக் கலிவெண்பாவால் பாடுவது அதன் மரபு. இவ்விலக்கியத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இரு வழிகளில் சென்றுள்ளனர். ஒரு சாரார் பாட்டியல் நூல்களின் விதிகளை முன்வைத்து, குறிப்பிட்ட உலாநூல் அவ்விதிகளுக்கு எந்த அளவு பொருந்துகிறது என்று நோக்கினர். மற்றொரு சாரார் நூலில் இடம்பெறும் வாகனம், இசைக்கருவி, அணிகலன், ஆடை ஆகியவற்றைத் தொகுத்து, அவற்றைக் கோயில் விழாவுக்குரிய வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டனர். இரு வழிகளும் பயனுடையவையே. எனினும், உலாநூல் காட்டும் ஊர்வலமும் கோயிலிலிருந்து புறப்பட்டுத் தெருவழியே செல்லும் ஊர்வலமும் ஒன்றுதாமா என்னும் அடிப்படை வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

இவ்வினாவுக்கு விடை காண, குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து கேரளத் தலைநகராகிய திருவனந்தபுரத்துக்கு ஆண்டுதோறும் நிகழும் நவராத்திரி எழுந்தருளல் இங்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது. மூன்று கோயில்களின் தெய்வங்கள், இரண்டு மாநிலங்கள், இரண்டு மொழிகள் ஆகியவற்றை இணைத்துச் செல்லும் இவ்வூர்வலம், உலாவின் இலக்கணம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைத் தெளிவாக உணர்த்தவல்லது. உலா இலக்கியம் ஊர்வலத்தை நிற்போர் கண்கொண்டு காண்கிறது. விழாவோ நடப்போர் காலால் நிலைபெறுகிறது. இவ்வேறுபாட்டை உணராமல் ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்குதல் இரண்டையும் பிழைபட உணர்தலாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உலாவின் இலக்கணமும் அதன் பார்வையும்

உலாவின் வித்தினைத் தொல்காப்பியப் புறத்திணையியலில் காண்பது உரைமரபு. பின்னர்த் தோன்றிய பாட்டியல் நூல்கள் அதனைத் தனியொரு நூல்வகையாக வரையறுத்தன. தலைவனின் சிறப்பு, குலமரபு, நீராடல், ஒப்பனை, ஊர்தியேறல், உடன்வருவோர் ஆகியவற்றைக் கூறும் பகுதி முன்னெழுநிலை எனப்படும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் எழுவகை மகளிரும் தலைவனைக் கண்டு நெகிழ்வதைக் கூறும் பகுதி பின்னெழுநிலை எனப்படும். இவ்விரண்டனுள் பின்னெழுநிலையே நூலின் பெரும்பகுதியாக அமைவது வழக்கம்.

இவ்வமைப்பை ஊன்றி நோக்கினால், உலாவில் இயங்குவோன் தலைவன் ஒருவனே என்பதும், ஏனையோர் நின்ற நிலையில் காண்போர் என்பதும் புலனாகும். தெரு என்பது காட்சி நிகழும் இடமாக மட்டும் அமைகிறது. அது எங்கிருந்து எங்குச் செல்கிறது, எத்தனை திருப்பங்களை உடையது, யார் யார் வாயிலைக் கடக்கிறது என்பன பெரும்பாலும் கவிஞனின் கருத்துக்குரியவை அல்ல. பருவந்தோறும் பெண்ணின் பார்வை மாறுகிறது. பேதைக்குக் காதல் என்பதே அறியாப் பொருள். பேரிளம்பெண்ணுக்கு அது முதிர்ந்த நினைவு. ஊர்வலம் முன்னேறுவதைக் காலடி கொண்டு அளக்காமல் பெண்ணின் அகவை கொண்டு அளப்பது உலாவின் தனித்தன்மை எனலாம். இது கவித்துவ வெற்றியே. ஆயினும் இவ்வளவுகோல் தெருவுக்கு உரியதன்று, உள்ளத்துக்கு உரியது.

மேலும், உலா மீளுதலைப் பாடுவதில்லை. பேரிளம்பெண்ணின் வருத்தத்தோடு நூல் நிறைவுறும். சென்றவன் எவ்வாறு திரும்பினான், திரும்பியபின் கோயிலில் நிகழ்ந்தது யாது என்னும் செய்திகளுக்கு அங்கு இடமில்லை. கோயில் விழாவிலோ மீளுதல் இன்றியமையாத உறுப்பாகும். புறப்பட்ட தெய்வம் தன் இருப்பிடம் சேரும்வரை விழா முடிந்ததாகக் கருதப்படுவதில்லை. இம்முரண்பாடு சிறியதன்று என்பது பின்னர் விளக்கப்படும்.

ஆதியுலா: சேரர் தந்த தொடக்கம்

தமிழில் கிடைக்கும் முதல் உலாநூல் சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கயிலாய ஞானவுலா. ஆதியுலா எனவும் வழங்கும் இந்நூல் பதினோராந் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. சுந்தரரோடு கயிலை சென்ற சேரமான் அங்கே இதனை அரங்கேற்றினார் என்பதும், அதனைக் கேட்ட மாசாத்தனார் திருப்பிடவூரில் உலகோர்க்கு வெளிப்படுத்தினார் என்பதும் பெரியபுராண மரபு. சேர அரசர் ஒருவர் உலா இலக்கியத்தைத் தொடங்கி வைத்தார் என்னும் செய்தி, சேரநாட்டு நிலப்பரப்பில் நிகழும் ஓர் ஊர்வலத்தை அதனோடு ஒப்பிட நமக்குக் கிடைக்கும் இயல்பான தொடர்பாகும்.

ஆதியுலாவில் சிவபெருமான் எழுந்தருளும்போது தேவர்கள் ஆளுக்கொரு பணி ஏற்கின்றனர். நறும்புகை ஏந்துதல், நிறைகுடம் தாங்குதல், வழியைத் தூய்மை செய்தல் போன்ற தொண்டுகள் அவர்களுக்குரியனவாகப் பகுக்கப்படுகின்றன. இப்பகுதியைப் பக்திச் சிறப்பாகவே பலரும் விளக்கியுள்ளனர். அவ்விளக்கம் பொருத்தமே. ஆயினும் ஒரு செய்தியைச் சேர்த்துக் காணவேண்டும். நிலவுலகக் கோயிலில் தெருக் கூட்டுவோர், விளக்கேந்துவோர், குடை பிடிப்போர், பல்லக்குச் சுமப்போர் ஆகிய மாந்தர் செய்யும் பணிகள் ஆதியுலாவில் தேவர் கைக்கு மாறிவிடுகின்றன. தொண்டு உயர்வு பெறுகிறது. தொண்டு செய்யும் மனிதர் மறைந்துவிடுகின்றனர். கயிலைத் தெருவில் இது பொருந்தும். இதனைப் பின்பற்றிய மண்ணுலக உலாக்களிலும் சுமப்போர்க்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பதே குறிக்கத்தக்கது.

ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகியோர் பாட்டுடைத் தலைவர்கள். அங்கு உடன்வருவோர் பட்டியல் விரிவு பெறுகிறது. சிற்றரசர், அமைச்சர், படைத்தலைவர் ஆகியோர் இடம்பெறுவதால் வரலாற்றாசிரியர்க்கு அப்பகுதி பெரிதும் பயன்பட்டது. ஆயின் அங்கும் உடன்வருதல் என்பது அதிகாரத்தின் அடையாளமாகவே நிற்கிறது. இரட்டையரின் ஏகாம்பரநாதருலா, புராணத் திருமலைநாதரின் மதுரைச் சொக்கநாதருலா, அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் திருவாரூருலா முதலிய கோயிலுலாக்கள் தலத்தின் பெருமையை நிரம்பக் கூறுகின்றன. எனினும் அவற்றின் நடுப்பொருள் எழுபருவ மகளிரின் பார்வையே.

பதிகம் காட்டும் மற்றொரு மரபு

உலாவுக்கு முற்பட்ட தேவாரப் பதிகங்களில் ஊர்வலம் வேறொரு வகையிலும் பாடப்பட்டுள்ளது. திருப்புகலூரில் சம்பந்தரைச் சந்தித்த திருநாவுக்கரசர், திருவாரூர்த் திருவாதிரை விழாவின் சிறப்பை அவருக்கு எடுத்துரைத்துப் பாடிய பதிகம் நான்காம் திருமுறையில் உள்ளது. அப்பதிகத்தில் முத்துப்பந்தரும் கவரியும் வருகின்றன. அவற்றோடு அடியார் கூட்டமும், மகளிரும், தலைமாலை அணிந்த விரதியரும் வருகின்றனர். கூடிப் பாடுவோர், தம்முள் பிணங்கி வாதிடுவோர், பித்தரைப்போல் பிதற்றுவோர், இறைவனைத் தொழாத நாளைத் துன்பம் என்போர் என அக்கூட்டத்தின் குரல்கள் தனித்தனியே கேட்கின்றன. ஓரிடத்தில் நிற்கமாட்டாத மக்களின் அசைவே அப்பதிகத்தின் உயிர். நாவுக்கரசர் அக்காட்சியை மாடத்திலிருந்து பார்த்தவராகத் தோன்றவில்லை. கூட்டத்தினுள் நடந்தவராகவே தோன்றுகிறார்.

இதற்கு மாறாக, மயிலாப்பூரில் சம்பந்தர் பூம்பாவையை நோக்கிப் பாடிய பதிகத்தில் ஓணம், கார்த்திகை, ஆதிரை, பூசம் என விழாக்கள் வரிசையாக அமைகின்றன. அவற்றைக் காணாமல் செல்லலாமோ என்பதே அங்குக் கேள்வி. அங்குக் காணுதலே வாழ்வின் பயனாகிறது. எனவே, காணுதலை நாம் எளிமையாகத் தள்ளிவிட இயலாது. திருக்காட்சி பெறுதல் பக்தியின் அடிப்படைச் செயல். உலாவின் எழுபருவ மகளிர் இக்காணுதலின் வழித்தோன்றல்கள் எனவும் கொள்ளலாம்.

ஆக, தமிழில் ஊர்வலத்தைப் பாடும் மரபுகள் இரண்டு எனக் கொள்ள இடமுண்டு. ஒன்று காண்போர் மரபு. மற்றொன்று உடன்நடப்போர் மரபு. இலக்கிய வரலாற்றில் முன்னது உலாவாக இலக்கணம் பெற்று நூல்வகையாயிற்று. பின்னது பதிகத்துக்குள் தங்கிவிட்டது. இலக்கணம் பெற்ற மரபையே திறனாய்வாளரும் தொடர்ந்தமையால், ஊர்வலம் என்றாலே காட்சி என்னும் எண்ணம் வேரூன்றிற்று.

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு

திருவிதாங்கூரின் தலைநகர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தர்மராசா எனப்படும் கார்த்திகைத் திருநாள் ஆட்சிக்காலத்தில், பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசு இடம்பெயர்ந்தது, அரண்மனைக் கலைமகளின் கோயில் பத்மநாபபுரத்திலேயே இருந்தது. ஆதலின், நவராத்திரி வழிபாட்டுக்காகத் தெய்வத்தை ஆண்டுதோறும் புதிய தலைநகருக்கு எழுந்தருளச் செய்து, விழா முடிந்தபின் மீண்டும் கொண்டுசேர்க்கும் மரபு உருவாயிற்று.

கலைமகள் தனியே செல்வதில்லை. சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், குமாரகோவிலில் உறையும் வேளிமலைக் குமாரசாமியும் உடன் செல்கின்றனர். சுசீந்திரத்திலிருந்து நங்கை முன்னரே புறப்பட்டுப் பத்மநாபபுரம் வந்து சேர்வார். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் அரச உடைவாள் பூசைக்குப்பின் முறைப்படி கைமாற்றப்பட்டு ஊர்வலத்தின் முன் எடுத்துச் செல்லப்படும். கலைமகள் யானைமீதும், நங்கையும் குமாரசாமியும் பல்லக்கிலும் எழுந்தருள்வது வழக்கம். முதல் நாளிரவு குழித்துறையிலும் இரண்டாம் நாளிரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் திருவனந்தபுரத்தை அடைவர். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு இவ்வாறு கால்நடையாகக் கடக்கப்படுகிறது. கரமனையிலிருந்து குமாரசாமி வெள்ளிக்குதிரை வாகனத்தில் வருவார். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கலைமகளும், ஆரியசாலைக் கோயிலில் குமாரசாமியும், செந்திட்டைக் கோயிலில் நங்கையும் விழா நாள்களில் தங்கியிருப்பர். விசயதசமியன்று குமாரசாமி பூசைப்புரை மண்டபத்துக்கு எழுந்தருள்வார். அதன்பின் ஒருநாள் நல்லிருப்பு. பின்னர்த் திரும்பும் பயணம்.

இவ்வமைப்பில் உலா இலக்கணத்துக்கு மாறானவை பல உள. இங்குப் பாட்டுடைத் தலைமை பெண் தெய்வத்துக்குரியது. ஆண் தெய்வம் துணையாக வருகிறது. உலாவில் ஒரே ஊரின் வீதிகளே களம்; இங்குப் பல ஊர்கள் வழியில் அமைகின்றன. உலாவில் தலைவனே அரசன் அல்லது அரசனையொத்தவன். இங்கு அரசன் இருந்த இடத்தில் அவன் வாள் மட்டும் செல்கிறது. முடியாட்சி நீங்கிய பின்னும் வாளின் பயணம் நின்றுவிடவில்லை. அடையாளப் பொருள் தனக்குரியவனை இழந்தபின்னும் உறவைத் தொடர்ந்து தாங்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அன்று முதல் இவ்வூர்வலத்தின் தொடக்கம் தமிழகத்திலும் முடிவு கேரளத்திலும் அமைந்தன. பத்மநாபபுரம் அரண்மனை தமிழக எல்லைக்குள் இருப்பினும் கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. களியக்காவிளையில் எல்லையைக் கடக்கும் தெய்வங்களுக்குக் கேரளத்தின் சார்பில் வரவேற்பு அளிக்கப்படுகிறது. இரு மாநிலக் காவலரின் மரியாதையும் ஊர்வலத்துக்கு உண்டு. புதிய எல்லைக்கோடு பழைய வழித்தடத்தை அழிக்கவில்லை. மாறாக, எல்லையிலேயே ஒரு புதிய சடங்கு பிறந்தது.

வழித்தடத்தை விட்டுக்கொடாமை ஊர்வலங்களின் பொதுவியல்பு எனலாம். பத்மநாபசாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு ஊர்வலங்கள் சங்குமுகக் கடற்கரைக்குச் செல்லும்போது திருவனந்தபுரம் விமான நிலையத்தின் ஓடுதளத்தைக் கடக்கின்றன. அவ்வேளையில் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. பின்வந்த ஓடுதளம் முன்னிருந்த வழிக்கு இடம் தருகிறது. காட்சியே ஊர்வலத்தின் நோக்கமாயின் வேறு வழியில் சென்றாலும் குறையொன்றுமில்லை. வழியே பொருளாக இருப்பதனால்தான் அது மாற்றப்படுவதில்லை.

பெயர்களில் உறையும் தமிழ்

இவ்வூர்வலத்தின் சொற்களை ஆராய்வது தமிழாய்வாளர்க்குத் தனிப்பயன் தரும். பத்மநாபபுரத்தில் கலைமகள் உறையும் கோயில் தேவாரக்கெட்டு என வழங்குகிறது. தேவாரம் என்றவுடன் மூவர் பாடல்களே இன்று நினைவுக்கு வருகின்றன. ஆனால் சோழர் கல்வெட்டுகளில் அச்சொல், அரசர் தமக்குரிய வழிபாட்டையும் வழிபாட்டிடத்தையும் குறிக்க ஆளப்பட்டமையை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். கெட்டு என்பது நாலுகெட்டு என்பதிற்போலக் கட்டடப் பகுதியைச் சுட்டும். எனவே தேவாரக்கெட்டு என்பது அரண்மனை வழிபாட்டுக்குரிய கட்டடப் பகுதி எனப் பொருள்படும். மற்ற இடங்களில் வழக்கொழிந்த ஒரு பழம்பொருள் இங்கு ஓர் அரண்மனையின் மூலையில் உயிரோடு இருக்கிறது.

முன்னுதித்த நங்கை என்னும் பெயரும் அத்தகையதே. தமிழில் இப்பெயரின் பொருள் வெளிப்படை. முன்னரே தோன்றியவள் என்பது அது. மலையாள வழக்கில் இப்பெயர் முன்னூற்றிநங்க என உருமாறி ஒலிக்கிறது. அவ்வடிவில் 'முன்' என்பது 'முன்னூறு' என்னும் எண்ணின் சாயலைப் பெற, 'உதித்த' என்னும் வினை மறைந்துவிடுகிறது. தெய்வம் எல்லை கடக்கும்போது பெயரும் எல்லை கடக்கிறது. பெயரின் பொருள் தேய்ந்தாலும் பெயருக்குரியவள் மாறவில்லை. ஒரே தெய்வத்தை இரு மொழியினரும் தத்தம் நாவுக்கேற்ப அழைத்துத் தொடர்வதே இங்கு நிகழ்கிறது. இவ்வேறுபாட்டைத் திரிபு என்று திருத்தப் புகுவதைவிட, இருமொழி வாழ்வின் பதிவாகக் கொள்வதே தக்கது.

கம்பர் மரபுரையும் சான்றும்

பத்மநாபபுரத்துக் கலைமகள், கம்பர் வழிபட்ட திருவுருவம் என்றும், அவர் தம் இறுதிக்காலத்தில் அதனைச் சேர அரசரிடம் ஒப்படைத்து நவராத்திரி வழிபாட்டைத் தொடருமாறு வேண்டினார் என்றும் மரபுரை ஒன்று வழங்குகிறது. சரசுவதி அந்தாதியைக் கம்பர் பெயரோடு இணைக்கும் வழக்கும் இதற்கு வலுவூட்டுவதாகக் கருதப்படுகிறது. இம்மரபுரையை அணுகுவோரிடம் இரு போக்குகள் காணப்படுகின்றன. சிலர் இதனை வரலாறாகவே எழுதிவிடுகின்றனர். வேறு சிலர் சான்றில்லை எனக்கூறி ஒதுக்கிவிடுகின்றனர்.

முன்னது ஏற்கத்தக்கதன்று. கம்பரின் காலமே ஒன்பதாம் நூற்றாண்டா பன்னிரண்டாம் நூற்றாண்டா என்னும் கருத்துவேறுபாட்டுக்கு உட்பட்டது. ஒரு செவிவழிச் செய்தியைக் கொண்டு திருவுருவத்தின் வரலாற்றை நிறுவ இயலாது. பின்னதும் நிறைவுடையதன்று. மரபுரை நிகழ்ந்ததைக் கூறாவிடினும், அதனைக் கூறுவோர் எதை வேண்டினர் என்பதைக் கூறும். தமிழ்ப் புலவன் ஒருவன் தன் கலைமகளை அடைக்கலமாகக் கொடுத்தான். சேரநாட்டு அரசன் அதனைப் பொறுப்பாக ஏற்றான் என்பதே இக்கதையின் கரு. இது உரிமைக் கதையன்று, ஒப்படைப்புக் கதை. கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் இடையே தீராக் கடமை ஒன்றை இக்கதை நிறுவுகிறது. ஆண்டுதோறும் நிகழும் எழுந்தருளலும் மீளுதலும் அக்கடமையின் செயல்வடிவமாகக் கருதப்படுகின்றன.

நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் முதன்மையாகப் பாடப்படுவன சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள். சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் நிறைவுறும் அவை வடமொழியில் அமைந்தவை. கம்பரின் கலைமகள் என நம்பப்படும் தெய்வத்தின்முன் நாளின் தலைமைக் கீர்த்தனை வடமொழியில் ஒலிப்பது தமிழ் ஆய்வாளர் சிலர்க்கு முரணாகத் தோன்றக்கூடும். ஆயின் மரபுரை தமிழிலும், இசை வடமொழியிலும், வழிநடைப் பேச்சு தமிழிலும் மலையாளத்திலுமாக இயங்குவதே இவ்விழாவின் இயல்பு. எந்த ஒரு மொழியும் தனக்கு மட்டும் உரியதெனக் கொண்டாட இயலாத விழா இது. திருவிதாங்கூர்ப் பண்பாட்டை ஆராயும் தமிழாய்வு இதனை ஒப்புக்கொண்டு தொடங்குதல் வேண்டும்.

தெரு யாருடையது

இதுகாறும் கூறியவற்றால் நடப்போர் மரபு உயர்ந்தது, காண்போர் மரபு தாழ்ந்தது என்னும் எண்ணம் எழலாம். அவ்வெண்ணம் ஓர் இன்றியமையாச் செய்தியை மறைத்துவிடும். எல்லோரும் நடக்க முடிந்ததா, எல்லோரும் காணவேனும் முடிந்ததா என்பதே அடுத்த வினா.

உலா இலக்கியத்தில் தெரு எல்லோர்க்கும் திறந்தது போலத் தோன்றும். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக அனைவரும் அங்கு நிற்பர். திருவிதாங்கூர் வரலாறு கூறுவது வேறு. கோயிலைச் சூழ்ந்த வழிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காக 1924–25 ஆண்டுகளில் வைக்கத்தில் அறப்போர் நிகழ்ந்தது. அதனைத் தொடர்ந்து 1926ஆம் ஆண்டு சுசீந்திரத்திலும் அத்தகைய போராட்டம் எழுந்தது. நங்கை எழுந்தருளும் அதே சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் வெளியிட்ட கோயில் நுழைவுப் பிரகடனத்துக்குப் பின்னரே அரசின் கோயில்கள் அனைத்துச் சாதி இந்துக்களுக்கும் திறந்தன.

ஆகவே, உலாநூல்களில் வரும் வீதியைச் சமுதாயத்தின் பொதுவெளியாகக் கொண்டு எழுதப்படும் ஆய்வுகள் மறுபரிசீலனைக்குரியன. கவிஞன் யாரைத் தெருவில் நிறுத்தினான் என்பதோடு, யாரை நிறுத்தவில்லை என்பதையும் கேட்கவேண்டும். எழுபருவம் என்னும் பாகுபாடு அகவையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அகவை எல்லோர்க்கும் பொதுவாதலின், அப்பாகுபாடு பிற பிரிவுகளை எளிதில் மறைத்துவிடுகிறது. விழாவின் தெருவில் அப்பிரிவுகள் மறைவதில்லை. அங்கு அவை தடையாகவே நின்றன.

பெண்களின் நிலையும் இத்தகையதே. உலாவில் பெண்களே மிகுதியாக இடம்பெறுகின்றனர். நூலின் பெரும்பகுதி அவர்களைப் பற்றியது. எனினும் அவர்கள் காண்போர், மயங்குவோர், தோழியிடமும் தாயிடமும் புலம்புவோர். ஊர்வலத்தின் போக்கில் அவர்களுக்கு எவ்விதப் பங்கும் இல்லை. நவராத்திரி மண்டபத்திலும் இதற்கு இணையான நிலை நெடுங்காலம் நிலவியது. பெண் தெய்வத்துக்குரிய அவ்வரங்கில் பெண் பாடகர்க்கு இடமில்லை. 2006ஆம் ஆண்டு பாறசாலை பொன்னம்மாள் அங்குப் பாடியபோதே அவ்வழக்கம் மாறியது. கலைமகளின் முன் கலைபயின்ற பெண் பாட இத்தனை காலம் ஆயிற்று என்பது சிந்தனைக்குரியது. பெண்ணை மையத்தில் நிறுத்துதலும் பெண்ணுக்குக் குரல் தருதலும் வெவ்வேறானவை என்பதை உலாவும் மண்டபமும் ஒருங்கே உணர்த்துகின்றன.

உலாவை மீளப் படித்தல்

மேற்கண்ட கருத்துகள் உலா இலக்கியத்தின் மதிப்பைக் குறைப்பன அல்ல. விழாவிலிருந்து நூலுக்குத் திரும்பும்போது, இதுவரை விரைந்து கடக்கப்பட்ட பகுதிகள் புதிய பொருள் பெறுகின்றன. அவற்றுள் மூன்றை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, முன்னெழுநிலை. குலமரபும் உடன்வருவோர் பட்டியலும் சலிப்பூட்டும் மரபுக் கூறுகள் எனப் பலர் கருதுவர். நவராத்திரி எழுந்தருளலில் யார் முன், யார் பின், யார் எவ்விடத்தில் தங்குவர் என்பதே ஊர்களுக்கிடையிலான உறவின் வரைபடமாக அமைகிறது. இந்நோக்கில் காணும்போது, உலாவின் உடன்வருவோர் பட்டியலும் அலங்காரம் என்னும் நிலையிலிருந்து உயர்ந்து, உறவுகளின் ஆவணமாகிறது.

இரண்டாவது, தசாங்கம். தலைவனின் மலை, ஆறு, நாடு, ஊர், மாலை, குதிரை, யானை, முரசு, கொடி, ஆணை ஆகியவற்றைக் கூறும் பகுதிகள் தலைவன் எங்கிருந்து வருகிறான் என்பதை உணர்த்துவன. வேளிமலைக் குமாரசாமி திருவனந்தபுரத்துக்கு வரும்போது வேளிமலையையும் பெயரில் சுமந்தே வருகிறார். தெருவில் வரும் தெய்வம் தன் ஊரை உடன்கொண்டு வருகிறது என்பதே தசாங்கத்தின் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

மூன்றாவது, நூலின் முடிவு. உலா மீளுதலைப் பாடாமை அதன் குறையன்று. அது கவிஞன் தேர்ந்துகொண்ட நிலை. சென்றவன் திரும்பாத பொழுதில்தான் ஏக்கம் பிறக்கும். ஏக்கமே உலாவின் பொருள். விழாவின் பொருளோ மீளுதல். பத்மநாபபுரத்துக் கலைமகள் திரும்பி வரவில்லையெனில் மறு ஆண்டு புறப்படுதல் இல்லை. ஆதலின் நூலும் விழாவும் ஒரே தெருவில் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. ஒன்று பிரிவில் முடிகிறது. மற்றொன்று சேர்தலில் முடிகிறது. ஒன்றை மற்றொன்றின் நகல் எனக் கொள்ளும் ஆய்வுமுறை இவ்வடிப்படை வேறுபாட்டைத் தவறவிடுகிறது.

முடிவுரை

உலா இலக்கியம் ஊர்வலத்தைக் காண்போர் நிலையில் நின்று பாடுகிறது. நாவுக்கரசரின் திருவாதிரைப் பதிகம் உடன்நடப்போர் நிலையில் நின்று பாடுகிறது. இலக்கணம் முன்னதைப் பேணியமையால் ஊர்வலத்தைக் காட்சியாக மட்டும் கொள்ளும் பார்வை திறனாய்விலும் நிலைபெற்றது. பத்மநாபபுரம் – திருவனந்தபுரம் நவராத்திரி எழுந்தருளல், ஊர்வலம் என்பது ஊர்களுக்கும் மொழிகளுக்கும் இடையிலான கடமையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செயல் என்பதை உணர்த்துகிறது. அரசு மாறியது, எல்லை மாறியது, தெருவில் நடக்கும் உரிமை போராட்டத்தால் விரிவடைந்தது, மண்டபத்தில் பாடும் உரிமை பெண்ணுக்கும் கிடைத்தது. இம்மாற்றங்களுக்கிடையே வழித்தடம் தொடர்கிறது. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகளுக்கிடையிலும் சுருங்கிய அளவில் அது நடைபெற்றது.

உலாநூல்களைக் கோயில் விழாவின் சான்றுகளாகப் பயன்படுத்துவோர், நூல் எதைக் காட்டுகிறது என்பதோடு அதன் இலக்கணம் எதைக் காட்ட இடந்தரவில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். சுமந்தோர், வழியில் தங்க இடம் தந்தோர், தெருவில் நிற்கவும் இயலாதிருந்தோர் ஆகியோர் உலாவில் இல்லை. அவர்கள் இல்லாமை உலாவின் செய்தியே. அச்செய்தியைப் படிக்கக் கற்றுக்கொள்வதே சிற்றிலக்கிய ஆய்வு அடுத்துச் செய்யவேண்டிய பணியாகும்.